பூனம் சேலைச் சண்டை

“ஆகாதுன்னா, என்ன ஆகும்மா?” என்று கேட்டார் டாக்டர் மெஹ்ரீன்.

தமிழ்ச்செல்விக்கு அதற்கு மேல் தெரியாது. “எங்க வழிக்கு மயக்க மருந்து ஆகாதுங்க” என்று சொல்லிவிட்டாள். அவளைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மகள் தனப்பிரியாவுக்கோ அந்த ஒரு வாக்கியமே புதிது. அம்மா வாயிலிருந்து தான் கேட்காத விஷயம் என்று ஒன்று மிச்சம் இருக்கும் என்றே அவள் நினைத்ததில்லை.

“வாந்தி வருமா? உடம்பு அனலா கொதிக்குமா? கை கால் விறைச்சுக்குமா? எந்திரிக்க நேரமாகுமா?”

“அதெல்லாந் தெரியலைங்க டாக்டரம்மா. ஆகாது. எங்கப்பாரு சொல்லுவாரு.”

“அவரைக் கூப்பிட்டுக் கேக்கலாமா?”

“அவரு போய்ச் சேந்து ரொம்ப வருசமாச்சுங்க.”

“அவருக்கு யாரு சொன்னாங்க?”

தமிழ்ச்செல்வி மகளைப் பார்த்தாள். மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

தனப்பிரியாவின் பித்தப்பையில் கல். இளம்பிள்ளையில் அப்பாவின் தறிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சேலைக்கு டிசைன் போடுவது அவள் வேலை. ஒருநாள் பரோட்டா தின்றுவிட்டுப் படுத்தவளுக்கு வலது விலாவுக்குக் கீழே யாரோ இடுக்கி வைத்துத் திருகுவதுபோல் வலித்தது. ஸ்கேனில் கல் தெரிந்தது. “பையோட எடுத்துடலாம். சின்னச் சின்ன ஓட்டைதான். மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்” என்று சேலத்து சர்ஜன் சிரித்துக்கொண்டே சொல்லி, மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சிரிப்பு இந்த அறைக்கு வந்ததும் நின்றுபோனது.

டாக்டர் மெஹ்ரீன் சேலம் டவுன்காரர். எதையும் பாதியில் விட மாட்டார். “இங்க பாருங்க. இந்தக் கேள்வியை நான் எல்லார்கிட்டயும் கேப்பேன். எல்லாரும் ‘ஒண்ணுமில்ல’ன்னுவாங்க. நீங்கதான் மொத ஆளா ‘ஆகாது’ன்னு சொல்லியிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா பாதியில நிறுத்திட்டீங்களே. சில குடும்பத்துல ஒருவித மயக்கக் காத்து ஆகாது, உடம்பு கொதிச்சிடும். சில குடும்பத்துல ஓர் ஊசி ஆகாது. எது ஆகாதுன்னு தெரிஞ்சா அதை மட்டும் தவிர்த்துட்டு வேற போட்டுக்கலாம். தெரியாம இறங்கினா, கண்ணைக் கட்டிக்கிட்டு ரோட்டைக் கடக்கிற கதைதான்.”

“அப்ப கோயம்புத்தூர் போயிடட்டுங்களா?” என்றாள் தனப்பிரியா.

“தாராளமா போகலாம். அங்கயும் இதையேதான் கேப்பாங்க.” டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். “கல்லு இப்ப பைக்குள்ள சும்மா கெடக்குது. ஒருநாள் உருண்டு வந்து குழாயை அடைச்சுதுன்னா, அன்னைக்கு நாள் பாக்க நேரமிருக்காது. எந்த ஆஸ்பத்திரி கிட்டயோ அங்க, யாரு டியூட்டியோ அவங்க கையில. அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டு வாங்க.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனப்பிரியாவின் தலைக்குள் அந்த ‘அன்னைக்கு’ என்ற சொல்லே உருண்டுகொண்டிருந்தது. முன்பின் தெரியாத டாக்டர், நினைவில்லாமல் கிடக்கிற தான், வாசலில் ‘ஆகாதுங்க, ஆகாதுங்க’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிற அம்மா.

அப்பா வெங்கடாசலத்துக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. “நம்ம வழின்னா நம்ம பங்காளிங்கதானே சாமி? ஞாயித்துக்கிழமை கோயில்ல பொங்கல். எல்லாரும் வாராங்க. நின்னு ஒரு சத்தம் போட்டுக் கேட்டுட்டாப் போவுது!”

அப்படித்தான் கேட்டார்கள். குலதெய்வக் கோயில் வளாகத்தில் பொங்கல் பானைகள் வரிசையாகப் புகைந்துகொண்டிருந்தன. கரும்புச் சக்கை, ஈர விறகு, கண்ணெரிச்சல். தனப்பிரியா பானை பானையாகப் போனாள். “ஏனுங் பெரியப்பா, உங்களுக்கு ஆபரேசன் ஏதாச்சும் பண்ணியிருக்குதுங்களா?”

கேட்டதுதான் தாமதம், பெரியப்பா சட்டையைத் தூக்கினார். “ஏன் பண்ணல? இது கொடலிறக்கம். இது மூட்டு. இது, வண்டியில போயி விழுந்தது. மூணு தடவை மயக்க மருந்து. மூணு தடவையும் எந்திரிச்சதும் ‘இட்லி குடு’ன்னேன்.”

“எந்திரிக்காம இருந்திருந்தா இந்நேரம் எனக்கு ஒரு பானை மிச்சம்” என்றார் பெரியம்மா, அகப்பையால் பால் பொங்குவதை அடக்கிக்கொண்டே.

இன்னொரு சித்தப்பாவுக்குக் கண். இன்னொருவருக்கு மூலம்; அவர் அதைச் சத்தமாகச் சொல்ல விரும்பவில்லை, அவர் மனைவி சொன்னாள். எல்லோருக்கும் மயக்க மருந்து ஆகியிருந்தது, நன்றாகவே ஆகியிருந்தது. உச்சிப்பொழுது பூசை முடிந்தபோது தனப்பிரியாவின் கையில் இருந்தது ஒரு வாழையிலைப் பொங்கலும் அதைத் தொடக்கூடாது என்ற வைத்தியக் கட்டுப்பாடும் மட்டும்தான். நெய் மிதந்தது.

வேப்பமர நிழலில் உட்கார்ந்து அவள் யோசித்தாள். இந்தக் கோயிலுக்கு யார் வருகிறார்கள்? அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அண்ணன் தம்பி மக்கள். கட்டிக்கொண்டு வந்த பெண்கள் வருகிறார்கள், ஆனால் அவர்கள் பிறந்த வீட்டார் வருவதில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் இதே நாளில் வேறெங்கோ தங்கள் புருஷன் வீட்டுக் கோயிலில் பானை வைத்துக்கொண்டிருப்பார்கள். துணிக்கு நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும் நூல் ஊடை. இங்கே கூடியிருப்பது முழுக்கப் பாவு. வீட்டுக்கு வீடு குறுக்கே போனவர்கள் பெண்கள். ஊடை இல்லாமல் பாவை மட்டும் பார்த்துவிட்டு, ‘டிசைன் தெரியலையே’ என்றால் எப்படித் தெரியும்?

“அம்மா, சொன்னது உங்கப்பாரு. அவருக்கு யாரு சொல்லியிருப்பாங்க?”

“அவங்கம்மாவாத்தான் இருக்கோணும். மாரியாயி. நோவு நொடின்னா அவங்க பேச்சுத்தான்.”

“அந்த மாரியாயிதானே அப்பாவோட அம்மாவைப் பெத்தவங்களும்?”

தமிழ்ச்செல்வி ஒரு நொடி யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. தமிழ்ச்செல்வி கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனைத்தான். அவளுடைய அப்பாவும், வெங்கடாசலத்தின் அம்மாவும் உடன்பிறந்த அண்ணன் தங்கை. அந்த இரண்டு பேரையும் பெற்றவள் மாரியாயி. ஆக, தனப்பிரியா அம்மா பக்கமாக ஏறினாலும் அப்பா பக்கமாக ஏறினாலும் போய் நிற்பது அதே ஒருத்தியின் வாசலில்.

“சரி, மாரியாயி எந்த ஊட்டுப் பொண்ணு?”

அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பா, “கிழக்க” என்றார். கிழக்கே எவ்வளவோ ஊர் இருக்கிறது.

அப்பாவின் அக்கா ராமாத்தாளைப் போனில் பிடித்தார்கள். குடும்பத்தில் யாருக்கு எந்த வருஷம் எந்தத் துணி எடுத்தார்கள் என்பது வரை சொல்லக்கூடியவள். அவளும், “பேரா? ஊரா? நமக்கும் அவங்களுக்கும்தான் பேச்சுவார்த்தையே இல்லியே சாமி” என்று நழுவினாள்.

பேர் கேட்டால் வராது என்று தனப்பிரியாவுக்குப் புரிந்தது. மறந்துபோன ஒரு வீட்டாரைப் பேரைச் சொல்லித் தேட முடியாது. அவர்கள் எப்போது கட்டாயம் வந்தே ஆக வேண்டியிருந்தது என்று தேட வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த வீட்டார் நல்ல நாளுக்கு மறக்கலாம். அவள் செத்தால் மறக்க முடியாது. கடைசியாக உடுத்திவிடுகிற கோடிச் சேலை, புதுச் சேலை, பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அது வரும்வரை எடுக்க மாட்டார்கள். ஆயுசு முழுக்கப் புருஷன் வீட்டுப் பேரோடு இருந்தவளை அந்த ஒரு சேலை திரும்ப ஒருமுறை மகளாக்கி அனுப்பும்.

“அத்தை, மாரியாயி எறந்தப்ப கோடிச் சேலை யாரு கொண்டாந்தாங்க?”

அதைக் கேட்டதுதான். போனில் அணை உடைந்தது.

“அந்தப் பேச்சை எடுக்காத சாமி! எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. காலையில போன உசுரு. சேதி சொல்லி ஆள் போயாச்சு. மத்தியானமாச்சு, வல்லை. சாயங்காலமாச்சு, வல்லை. பொழுது எறங்கற நேரத்துக்கு எவனோ ஒருத்தன் பைய்யோட வாரான். பிரிச்சுப் பாத்தா, பூனம் சேலை! ஊதா ஒடம்பு, கிளிப்பச்சைக் கரை. கரைகூட நெய்யல சாமி, அச்சு! மில்லுல அடிச்ச அச்சு! தறிக்காரன் ஊட்டுப் பொணத்துக்கு, தறிக்காரன் பெத்த மகளுக்குப் பூனம்!”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன? உங்கம்மாவைப் பெத்த மகராசன் அதை அப்படியே திருப்பிக் குடுத்துட்டாரு. நம்ம தறியிலயிருந்து அறுத்து எடுத்துக் கட்டி அனுப்பினோம். அதோட சரி. கொள்வினை கொடுப்பினை எல்லாம் அறுந்துபோச்சு.”

“கொண்டாந்த ஆளு யாரு?”

“மூஞ்சி ஞாபகமில்ல. சேலை கண்ணுக்குள்ளயே நிக்குது.”

“எங்கிருந்து வந்தாரு அத்தை, அதையாச்சும்...”

“வாழப்பாடி. பேளூரு ரோட்டுல பாக்குக் களத்துக்குப் பக்கத்து ஊடு. தறியை வித்துப்போட்டுப் பாக்கு யாவாரத்துக்குப் போனவங்க. அதான் புத்தி மில்லுச் சேலைக்குப் போயிருச்சு.”

தனப்பிரியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இத்தனை நேரம் ‘தெரியாது’ என்ற அத்தைக்கு ஊர், ரோடு, பக்கத்து வீடு எல்லாம் தெரிந்திருந்தது. பேரைத்தான் அவள் மறந்திருந்தாள், சண்டையை மறக்கவில்லை.

மறுநாள் கிளம்பும்போது ராமாத்தாளும் பையோடு வந்து நின்றாள். “நீ ஆஸ்பத்திரிக் கதையைக் கேளு. சேலைக் கதையை நாங் கேக்கறேன்.”

சேலத்தில் பஸ் மாறினார்கள். ராமாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டுவடை செட்டைக் கரகரவென்று மென்றாள். “உனக்கு வேண்டாமில்ல?” என்று வேறு கேட்டாள். வாழப்பாடி தாண்டி பேளூர் ரோட்டில் இறங்கியபோது இரண்டு பக்கமும் களங்களில் பாக்கு காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் ஒரு துவர்ப்பு வாசனை.

களத்தில் பாக்கு உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தனப்பிரியா கேட்டாள். “அக்கா, அந்தக் காலத்துல இளம்பிள்ளைக்குப் பொண்ணு குடுத்த வீடு இங்க எதுங்க?”

அவள் கத்தியை நிறுத்தாமலே சொன்னாள். “கோடிச் சேலையை மூஞ்சியில விட்டெறிஞ்சாங்களே, அந்த வீடா?”

“விட்டெறியல!” என்று பாய்ந்தாள் ராமாத்தாள். “கையிலதான் குடுத்தோம்!”

“அப்ப நீங்கதான் அவங்களா?” என்ற அந்தப் பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, தானே கூட்டிப்போனாள். இப்படி ஒரு வேடிக்கையை விட்டுவிட்டுப் பாக்கு உரிக்க அவளுக்கென்ன பைத்தியமா?

அந்த வீட்டில் இருந்தவர் செங்கோடன். ஐம்பது தாண்டியவர், திடமான உடம்பு. மாரியாயியின் தம்பி மகன். உறவு முறை பார்த்ததில் ராமாத்தாளுக்கு அவர் சித்தப்பா ஆனார். அவளைவிட நாலைந்து வயது இளைய சித்தப்பா. தனப்பிரியாவுக்கோ எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் தாத்தா.

“தாத்தாவா?” என்று செங்கோடன் மீசையைத் தடவினார். “என் சின்ன மகளுக்கே இன்னும் கல்யாணம் ஆகல.”

தண்ணீர் வந்தது, காப்பி வந்தது. ராமாத்தாள் இரண்டையும் குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். “ஏனுங் சித்தப்பா, கேக்கறனேன்னு நெனைக்கக் கூடாது. அன்னைக்குக் கோடி ஏனுங்க பொழுதெறங்கி வந்துச்சு?”

செங்கோடன் எழுந்து சட்டையைத் தூக்கினார். வலது அடிவயிற்றில் சாய்வாக ஒரு பழைய தழும்பு. இந்த வாரத்தில் தனப்பிரியா பார்க்கிற எத்தனையாவது வயிறோ.

“இதனாலதான். அன்னைக்கு விடிகாலையில எனக்கு வயித்துவலி. குடல்வால். சேலத்துக்குத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. ஆபரேஷன் முடிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டாங்க, நான் எந்திரிக்கல. மத்தியானம் ஆச்சு, எந்திரிக்கல. எங்கப்பாவோட அண்ணன் ஒருத்தரு ரொம்ப முன்னாடி இப்படித்தான் மேசையிலயே போயிட்டாரு. அவரைக் கொண்டுபோனது மயக்க மருந்துதான்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. எங்கப்பா என்னையும் அதே கணக்குல சேத்துட்டு வராந்தாவுல விழுந்து கெடந்தாரு. அந்நேரத்துல அவரோட அக்கா செத்துட்டாங்கன்னு சேதி வருது. அவரு எங்கருந்து எழுந்திரிப்பாரு? பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிச்சாரு. அந்த மனுஷன் மாட்டு வியாபாரி. ஆஸ்பத்திரி வாசல்ல தொறந்திருந்த கடையில பளபளன்னு எது இருந்துச்சோ அதை வாங்கிக்கிட்டு ஓடினாரு.”

ராமாத்தாள்  சன்னமாக, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றாள்.

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

ராமாத்தாள் தரையில் கிடந்த ஒரு பாக்கை எடுத்து உருட்டத் தொடங்கினாள்.

தனப்பிரியாவுக்கு ‘ஆகாது’ என்ற சொல் எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்துவிட்டது. மாரியாயி தன் கூடப்பிறந்தவர் செத்ததைப் பார்த்தவள். அவள் மகனிடம் சொல்ல, அவர் மகளிடம் சொல்ல, வழியில் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொட்டி, கடைசியில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. ஆனால் டாக்டர் கேட்டது இதுவல்ல. என்ன ஆனது என்பது.

“தாத்தா, எந்திரிக்காம இருந்தப்ப உடம்பு கொதிச்சுதுங்களா?”

“இல்லம்மா. சில்லுன்னுதான் இருந்துச்சு.”

“நல்லாத் தூங்கிட்டிருந்தீங்களா?”

“தூக்கமா!” செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, “ஐயோ, ஆரம்பிச்சுட்டாரா!” என்று குரல் கொடுத்தாள். “எல்லாம் கேட்டுச்சும்மா! கண்ணு தொறக்க முடியல, சுண்டுவிரலை அசைக்க முடியல, மூச்சுகூட நானா விட முடியல. ஆனா காது கேக்குது. ரப்பர் உருண்டை ஒண்ணை மூக்குகிட்ட வெச்சு அமுக்கி அமுக்கி மூச்சுக் குடுத்தாங்க. ஒருத்தரு சொல்றாரு, ‘எனக்குக் கை விட்டுப்போச்சு, நீ கொஞ்சம் அமுக்கு, டீ குடிச்சிட்டு வரேன்’னு. இன்னொருத்தரு, ‘போன தடவை இப்படித்தான் போயி சினிமாவுக்குப் போயிட்டே’ன்றாரு. நான் உள்ளுக்குள்ள கத்தறேன், ‘அடேய், சண்டை அப்புறம் போடு, மொதல்ல அமுக்குடா!’ன்னு. வெளிய ஒரு சத்தம் வரல. இருட்டற நேரத்துக்கு வெரல் அசைஞ்சுது. அப்புறம் கையி. அப்புறம் நானே மூச்சு விட்டேன். அந்த ரெண்டு மனுஷங்க புண்ணியம், இன்னைக்கு உக்காந்து பேசறேன்.”

“யாருமே நம்பல” என்றாள் மனைவி, கதவோரம் வந்து நின்று. “மயக்கத்துல கனவு கண்டிருப்பாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

தனப்பிரியா அப்போதே டாக்டர் மெஹ்ரீனைக் கூப்பிட்டாள். கேட்டதை, உறவு முறையோடு சேர்த்து, முழுக்கச் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். “போனை ஸ்பீக்கர்ல போடுங்க. ஐயா, வணக்கம். நீங்க கண்டது கனவு இல்ல.”

செங்கோடன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த பார்வை.

“விளக்கிச் சொல்றேன்” என்றார் டாக்டர். “ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க ரெண்டு வேலை செய்வோம். ஒண்ணு, தூங்க வைக்கிறது. இன்னொண்ணு, தொண்டை வழியா மூச்சுக்குழாய்க்குள்ள ஒரு டியூப் விடணும். அதுக்குத் தசையெல்லாம் தளரணும். லாரி ஓட்டறவங்களுக்குச் சொல்ற மாதிரி சொன்னா, தூக்க மருந்து இன்ஜினை அணைக்கிறது. தளர்த்தற மருந்து கிளட்சை மிதிக்கிறது. தளர்த்தறதுல ஒரு மருந்து ரொம்ப வேகமானது. ஒரு நிமிஷத்துல வேலை செய்யும், அஞ்சு பத்து நிமிஷத்துல தானா தீர்ந்துடும். ஏன் தீருது? நம்ம ரத்தத்துல இருக்கிற ஒரு பொருள் அதைத் துண்டு துண்டா வெட்டிடும். சில பேருக்குப் பிறவியிலயே அந்தப் பொருள் சரியா வேலை செய்யாது. அப்ப என்ன ஆகும்? தூக்க மருந்து தீர்ந்து இன்ஜின் ஓட ஆரம்பிச்சிடும். கிளட்ச் மிதிச்சது மிதிச்சபடி இருக்கும். இன்ஜின் ஓடுது, வண்டி நகரல. நெஞ்சுத் தசையும் தளர்ந்தே கெடக்கறதால மூச்சும் இல்ல. பக்கத்துல யாராவது மூச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா, சில மணி நேரத்துல மருந்து மெல்லத் தீர்ந்து ஆளு எந்திரிச்சிடுவாரு. குடுக்கலேன்னா...”

“எங்க பெரியப்பா” என்றார் செங்கோடன்.

“அவருக்கும் இதேவா இருந்திருக்கலாம். இப்ப உறுதியா சொல்ல முடியாது. ஐயா, உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டிக்கிட்டவங்களா?”

“ஆமாங்க. அத்தை மகன், மாமன் மகள்.”

“தனப்பிரியா, உங்க அப்பா அம்மாவும் அப்படித்தான்னு சொன்னீங்கல்ல? இந்தப் பொருளைச் செய்யறதுக்கு உடம்புல ரெண்டு செய்முறைக் குறிப்பு, ஜீன்னு சொல்றது, இருக்கும். அப்பாகிட்டயிருந்து ஒண்ணு, அம்மாகிட்டயிருந்து ஒண்ணு. ஒண்ணு பழுதானா இன்னொண்ணு சமாளிச்சுக்கும். அந்த ஆளுக்கு எதுவுமே தெரியாது. எத்தனை ஆபரேஷன் பண்ணினாலும் பெரும்பாலும் சரியா எந்திரிச்சிடுவாங்க. ரெண்டுமே பழுதானாத்தான் இப்படி. ஒரே கொள்ளுப்பாட்டியோட பழுதான குறிப்பு அம்மா வழியாவும் அப்பா வழியாவும் வந்து ஒரு பிள்ளைகிட்ட சேரலாம். சேர்ந்தே ஆகணும்னு இல்ல. ரத்தத்தை டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சிடும். நாளைக்கு அப்பா அம்மாவோட மூணு பேரும் வாங்க.”

போனை வைத்ததும் ராமாத்தாள் பையிலிருந்து மிச்சமிருந்த தட்டுவடைப் பொட்டலத்தை எடுத்துச் செங்கோடன் மனைவியின் கையில் கொடுத்தாள். வெறுங்கையோடு வந்ததாக இருக்க வேண்டாமே. “உங்க சின்ன மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானா, சேலை எங்களுது” என்றாள். “பூனம் இல்லீங்க.”

“அதையும் திருப்பி அனுப்பிடுவோம்னு நெனச்சீங்களா?” என்றார் செங்கோடன். வீடே சிரித்தது, கூட்டிவந்த பாக்குக்காரப் பெண்தான் எல்லோரையும்விடச் சத்தமாக.

டெஸ்ட் முடிவு வர ஒரு வாரம் ஆனது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தப் பொருளின் வேலை குறைவு; பயப்படும் அளவுக்குக் குறைவில்லை. தனப்பிரியாவுக்கு மிகமிகக் குறைவு. காகிதத்தைப் பார்த்த தமிழ்ச்செல்விக்குக் கண் நிறைந்தது. “பரோட்டா தின்னுட்டு வயித்து வலின்னு துடிச்சியே, அன்னைக்கே எங்கியாச்சும் தூக்கிட்டுப் போயிருந்தா...” என்று பாதியில் நிறுத்தினாள். இந்த முறை மீதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“அழாதீங்கம்மா” என்றார் டாக்டர் மெஹ்ரீன். “நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தை இல்லேன்னா, நானே அந்த வேகமான மருந்தைக் கையில எடுத்திருப்பேன்.”

ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. செங்கோடன் வாழப்பாடியிலிருந்து வந்து வராந்தாவில் வெங்கடாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெங்கடாசலம் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம், “எனக்குத்தான் லேட்டாச்சு, அவளுக்கு ஆகாது” என்றார். உள்ளே தளர்த்துவதற்கு டாக்டர் வேறொரு மருந்தைப் போட்டார். அதை வெட்ட ரத்தத்தில் உள்ள அந்தப் பொருள் தேவையில்லை. வேலை முடிந்ததும் அதற்கென்றே உள்ள முறிவு மருந்தைப் போட்டால் தளர்ச்சி நீங்கிவிடும். முறிவு மருந்து போட்டதும் தனப்பிரியா தானே மூச்சு விட்டாள், டியூபை எடுத்தார்கள், பேரைக் கேட்டபோது சொன்னாள். மத்தியானத்துக்குள் வார்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள், இளம்பிள்ளை உறவும் வாழப்பாடி உறவும் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கி, டாக்டர் சொல்லச் சொல்ல எழுதிவைத்திருந்ததை அதில் போட்டாள்:

“மாரியாயி வழியிலும் அவங்க கூடப் பிறந்தவங்க வழியிலும் வந்த எல்லாருக்கும். கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். நமக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் சக்சினில்கோலின். மற்ற மயக்க மருந்துகளுக்குப் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். ரத்தத்தில் அதை வெட்டும் பொருளான கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்கச் சொல்லி ஒருதடவை டெஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள். அளவு ரொம்பக் குறைவாக இருந்தால் மருந்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் அந்த அட்டையை மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். அவர் வேறு மருந்து போடுவார். நேரத்துக்கு எழுந்துவிடலாம்.”